வாசலைவிட உயரமான ஜீப்

அத்தியாயம் 5

"ஆறடி மூணு இஞ்ச்," என்றார் மாமா, ஸ்டூல் மேல் நின்றபடி.

டேப்பின் மறுமுனையைக் கட்டைவிரலால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது நான். துப்பறியும் ஆபீஸில் உதவியாளர் வேலை என்று ஆசை காட்டித்தான் மாமா என்னைச் சேர்த்துக்கொண்டார். டேப் பிடிப்பது, குடை பிடிப்பது, அவர் எங்கேயாவது மறந்துவிட்டு வரும் மூக்குக்கண்ணாடியை ஓடிப்போய் எடுத்து வருவது எல்லாம் அதில் அடக்கம் என்று அம்மா அப்போதே எச்சரித்தாள். தம்பியைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதா என்ன?

"வாசல் ஆறடி மூணு. சரி. வண்டி எவ்வளவு உயரம்?"

"ஆறடி ஆறு சார்," என்றார் ஷெட் சொந்தக்காரரான மெக்கானிக் அக்கா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"எங்கே, காட்டுங்க. அளந்துடலாம்."

"அதைத்தானே சார் காணோம்!"

மாமா ஸ்டூலிலிருந்து இறங்கி, காலியாகக் கிடந்த ஷெட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து நசுங்கிய வண்டிகளை அளந்தவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறியும் ஆபீஸ் போர்டு மாட்டிவிட்டார். டேப் மட்டும் பழையது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பூட்டிய அறைக்குள்ளிருந்து ஆள் மாயமானதாகக் கேட்டிருக்கிறேன். திறந்து கிடக்கும் வாசல் வழியாகப் போகவே முடியாத ஒரு ஜீப் போய்விட்டது என்று இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"சிரிக்காதம்மா," என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. நான் சட்டென்று வாயை மூடிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். எதிர்வரிசையில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டருக்கு ஒரு பழைய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும் ரகம், என்னைவிட வயதில் மூத்தது. நாளைக் காலை மலைப்பாதையில் நாற்பது ஜீப்புகள் பாறையும் சேறும் ஏறி இறங்கப் போகின்றன. அதில் ஓட்ட வேண்டும் என்று டாக்டருக்குக் கொள்ளை ஆசை. மூன்று மாசத்துக்கு முன் வண்டியைக் கொண்டுவந்து அக்காவிடம் விட்டார். அக்காவும் உயிரைக் கொடுத்து வேலை பார்த்திருக்கிறார். பழைய பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுத் தடிமனான புதுப் பட்டை. அதனால் மூன்று இஞ்ச் உயரம். பெரிய டயரால் இன்னும் இரண்டு இஞ்ச். அடியில் பாறை இடிக்காமல் இருக்க இரும்புத் தகடு, கவிழ்ந்தாலும் நசுங்காத குழாய்க் கூண்டு, முன்னால் கயிறு இழுக்கும் வின்ச். இன்று காலையில் பின்சீட்டுப் பலகைகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்ததோடு வேலை முடிந்தது.

"உசத்தினதுக்கு ஏத்த மாதிரி பிரேக் ஹோஸை நீளமா மாத்தினேன் சார். ஷாஃப்ட்டை நீட்டினேன். ஒவ்வொண்ணையும் மூணு தடவை அளந்தேன். ஸ்டார்ட் பண்ணி வாசல்கிட்ட கொண்டு வந்தப்பதான் தெரிஞ்சுது..."

"வாசலை அளக்கலைன்னு," என்று முடித்தேன் நான்.

"உள்ளே வரும்போது ரெண்டு இஞ்ச் இடைவெளி விட்டு ஜம்முனு வந்துச்சும்மா!"

"வரும்போது சின்னப்பிள்ளை. இங்கேயே வளர்ந்துடுச்சு," என்றேன். மாமா முறைத்தார்.

வேறு வழியில்லாமல், வாசலுக்கு மேலே இருக்கும் சிமெண்ட் விட்டத்தை உடைத்துவிடலாம் என்று ஒன்றரை மணிக்கு அக்கா கொத்தனாரைத் தேடிப் போயிருக்கிறார். இரண்டரைக்கு அவரோடு திரும்பி வந்தால் விட்டம் அப்படியே இருக்கிறது, வண்டி இல்லை. உடைக்க ஒன்றும் இல்லையே என்று கொத்தனார் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

"ஷெட்டைப் பூட்டிட்டுப் போனீங்களா?" என்று கேட்டார் மாமா.

"வெளியவே வர முடியாத வண்டிக்குப் பூட்டு எதுக்கு சார்?"

நியாயம்தானே? நானாக இருந்தாலும் பூட்டியிருக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருவைத் தாண்டி டாக்டர் ஓடி வந்தார். உடம்பில் வெள்ளைக் கோட்டு, தலையில் அகல விளிம்புத் தொப்பி, காலில் முழங்கால் வரை பூட்ஸ், கையில் இடுக்கி. மலை ஏற வேண்டிய வேஷமும் பல் பிடுங்க வேண்டிய வேஷமும் ஒரே உடம்பில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"கண்டுபிடிச்சீங்களா? இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? அந்த வண்டியை இந்த வாசல் வழியா எடுக்க ஒரே வழி, பட்டையைக் கழட்டுறது. கழட்டத் தெரிஞ்சவங்க இந்தத் தெருவுல ஒரே ஆள்தான்!" இடுக்கி அக்கா பக்கம் நீண்டது. "மைதானத்துல அஞ்சு மணிக்குப் பதிவு முடியுது. அஞ்சு மணிக்கு என் வண்டி அங்க நிக்கணும். இல்லேன்னா மைக்கைப் பிடிச்சு நாப்பது டிரைவருங்க முன்னாடி சொல்லுவேன், இவங்க ஷெட்ல வண்டியை விட்டா வண்டியை மறந்துடுங்கன்னு. அப்புறம் போலீஸ்!"

"டாக்டர், ஒரு நிமிஷம்..."

"நிமிஷமே இல்லைங்க! உள்ள ஒருத்தர் வாயைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கார்!" என்று வந்த வேகத்தில் திரும்பி ஓடினார்.

அக்கா ஒரு டயர் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். "ஷெட் ஆரம்பிச்சு எட்டு மாசம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டர்ல இருந்தேன். ஒன்பது வருஷம் என்னை ஆயில் மாத்த மட்டும்தான் விட்டாங்க. இந்த ஒரு வண்டி நாளைக்கு மலை ஏறினா நாப்பது பேரும் என்னைத் தேடி வருவாங்கன்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன் சார். அஞ்சு மணிக்கு அவர் மைக்கைப் பிடிச்சார்னா நான் மறுபடி அங்கேயே போய் நிக்கணும்."

மணி பார்த்தேன். மூன்று ஐந்து.

"ஒரு மணி நேரத்துல பட்டையைக் கழட்டி மாத்த முடியுமா?" என்றார் மாமா.

"அரை நாள் ஆகும். டாக்டருக்கு அதெல்லாம் புரியாது."

"டயர்ல காத்தை இறக்கிப் பார்த்தீங்களா?"

"அதைப் பண்ணாம இருப்பேனா? நாலும் சப்பையாகிற வரைக்கும் இறக்கினேன். ரெண்டு இஞ்ச் குறைஞ்சுது. இன்னும் ஒரு இஞ்ச் இடிச்சுது."

"அப்போ மர்மமே அந்த ஒரு இஞ்ச்தான்," என்றார் மாமா. அவர் முகத்தில் ஜிலேபியைக் கண்ட குழந்தையின் களை.

"ஒரு இஞ்ச்தானேக்கா? ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கியிருக்காதா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. அக்கா துள்ளி எழுந்தார். "என் பட்டையா? அமுங்கறதா? ஆறு பேர் ஏறி உக்காந்தாலும் நூலளவு அசையாது. ஏத்திப் பார்த்துட்டுத்தான் மாட்டினேன்!"

மாமா நோட்டை எடுத்து 'ஆறு' என்று மட்டும் எழுதினார். பிறகு மறுபடி ஸ்டூலில் ஏறி விட்டத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வழியாகவும், கண்ணாடிக்கு மேலாகவும், கண்ணாடி இல்லாமலும் பார்த்தார்.

"வாலு, இங்க வா. என்ன தெரியுது?"

வாலு என்பது நான்தான். வயது இருபத்தாறு ஆகிறது, இன்னும் அந்தப் பெயர் போகவில்லை.

"கீறல் மாமா. வெளி ஓரத்துல, நாலு விரல் அகலத்துக்கு. புதுசு."

"உள் ஓரத்துல?"

"சுத்தமா இருக்கு."

"நல்லா ஞாபகம் வெச்சுக்கோ. வாசலுக்கு வெளியே என்ன கிடக்கு?"

கம்ப்ரஸரின் காற்றுக் குழாய் பாம்பாக நீண்டு தெரு ஓரம் வரை போயிருந்தது. வேலை முடிந்தால் அதைச் சுருட்டி ஆணியில் மாட்டாமல் தனக்குத் தூக்கம் வராது என்றார் அக்கா. ஆக, திருடியவர் வண்டியை வெளியே எடுத்து, அங்கேயே நிறுத்தி, நாலு டயருக்கும் நிதானமாகக் காற்று பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். இவ்வளவு சாவகாசமான திருட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை. குழாயை இழுத்துப் பார்த்தபோது அதன் அடியில் சின்னப் பஞ்சு உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தேன்.

"கிராம்பு எண்ணெய் மாமா!"

"சபாஷ். இன்னும் தேடு."

வாசலின் வெளிப்பக்கம், கீறலுக்கு நேர் கீழே, மண்ணுக்குள் பாதி புதைந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வில்லை. துடைத்துப் பார்த்தேன். ஒன்பது என்று எண் போட்டிருந்தது.

"டோக்கன்! பல் ஆஸ்பத்திரி டோக்கன்!" என்று குதித்தேன். "எனக்குத் தெரியும் மாமா, அந்த டாக்டர் முழியே சரியில்லை!"

"குதிக்காதே. முதல்ல இதைக் கேளு." மாமா விட்டத்தைக் காட்டினார். "வண்டி முன்பக்கமாத்தான் வெளியே போயிருக்கு. முக்கால்வாசி வண்டி தடையில்லாம போயாச்சு. உள் ஓரத்துல உரசல் இல்லை. கடைசியா, பின்பக்கம் வெளியேறப் போற அந்த நொடியில மட்டும் வெளி ஓரத்துல உரசியிருக்கு. என்ன அர்த்தம்?"

"கடைசி நொடியில வண்டி உயர்ந்திருக்கு," என்றார் அக்கா மெதுவாக.

"வண்டி தானா உயருமா?"

"பின்னாடி இருந்த வெயிட் இறங்கினா உயரும்..."

"அந்த வெயிட்டுக்குக் கால் இருந்திருக்கு. பயந்து போய் முன்கூட்டியே குதிச்சிருக்கு. குதிக்கும்போது டோக்கனைத் தவற விட்டிருக்கு. ஆறு பேர் ஏறினா உங்க பட்டை அசையாது, ஒத்துக்கறேன். ஒன்பது பேர் ஏறினா?"

அக்காவின் உதடுகள் கணக்குப் போட்டன. ஒரு நிமிஷம் கழித்து நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார்.

"ஒண்ணேகால் இஞ்ச் இறங்கும் சார்! ஐயோ! மூணு மாசமா இதை எப்படி மேல தூக்கறதுன்னே யோசிச்சுட்டிருந்தேன். கீழ அமுக்கினா போதும்னு என் மண்டைக்கு உறைக்கவே இல்லையே!"

இருபது தப்படியில் பல் ஆஸ்பத்திரி. உள்ளே நுழைந்ததும் ஒரு வினோதக் காட்சி. சுவரோரம் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேருக்கும் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. டோக்கன் கொடுக்கும் மேஜையில் ஆள் இல்லை, டோக்கன் பெட்டியும் இல்லை. எங்களைப் பார்த்ததும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

"ஆவ்வ ழீழ்ழு ழொழ்ழொ..."

"ஒருத்தர் ஒருத்தரா!" என்றார் மாமா.

ஒருவர் ஒருவராகச் சொன்னாலும் அதே கதைதான். பேசுவதை விட்டு ஏழு பேரும் கையை நீட்டிக் காற்றில் ஸ்டியரிங் சுற்றிக் காட்டினார்கள். ஒருவர் கியர்கூட மாற்றினார்.

"தயவுசெஞ்சு எல்லாரும் எழுந்து சுவத்தைப் பார்த்து நில்லுங்க," என்றார் மாமா.

நின்றார்கள். ஆறு பேரின் பின்பக்கத்தில் பளிச்சென்று பச்சைக் கோடு. கோடு இல்லாத ஏழாவது ஆளின் உள்ளங்கை இரண்டும் பச்சை, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

"என் பெயிண்ட்!" என்றார் அக்கா.

"நீங்கதானே ஒன்பதாம் நம்பர்?" என்று நான் டோக்கனை நீட்டியதும் அந்த மனிதர் காணாமல் போன பிள்ளை கிடைத்த மாதிரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பின்படியில் தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். விட்டம் தலைக்கு நேரே வருவதைப் பார்த்துக் குதித்திருக்கிறார். ஸ்டெப்னி டயர் நெற்றியில் இடித்திருக்கிறது. இவ்வளவையும் ஊமை நாடகமாக நடித்துக் காட்டினார்.

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. சிகிச்சை அறைக் கதவைத் தள்ளித் திறந்தேன். இரண்டாம் நம்பர் பெண்மணி நாற்காலியில் படுத்திருந்தார். டாக்டரின் இரண்டு கையும் அவர் வாய்க்குள்.

"நீங்களே சொல்லுங்கம்மா, யார் எடுத்திருப்பாங்க? ஆசை ஆசையா வாங்கின வண்டி!" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"ஆ! ஆ! ஆஆ!" என்றார் அந்த அம்மா, கண்ணை உருட்டி.

"வலிக்குதா? இன்னொரு ஊசி போட்டுடறேன்."

"டாக்டர், நடிச்சது போதும்!" என்றேன், இடுப்பில் கை வைத்து. "உங்க ஒன்பது பேஷன்ட்டையும் ஏத்தி அமுக்கி, உங்க வண்டியை நீங்களே எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு, அக்கா மேல பழி போடுறீங்க. ஊர் முழுக்கப் பீத்திக்கிட்டாச்சு, இப்போ மலையைப் பார்த்ததும் பயம். அதானே?"

டாக்டரின் தொப்பி நழுவியது. "என்னது? நானா? ஒன்றரையிலிருந்து ரெண்டே கால் வரைக்கும் நான் இதே நாற்காலியில தூங்கிட்டிருந்தேன்மா! தினமும் தூங்குவேன். எழுந்ததும், சாயந்திரம் சீக்கிரம் கிளம்பணுமேன்னு, ஒன்பது பேருக்கும் ஒரே மூச்சுல மரத்துப்போற ஊசி போட்டேன். நாக்கு வரைக்கும் மரத்துப் போச்சுன்னு இப்போ கத்தறாங்க!"

"அவர் இல்லைம்மா," என்றார் அக்கா, என் தோளைத் தொட்டு. "அவருக்கு லோ கியர் எங்க இருக்குன்னே தெரியாது. மூணு தடவை சொல்லிக் கொடுத்தேன். மூணு தடவையும் தொப்பியைச் சரி பண்ணிட்டிருந்தார்."

என் மூக்கு நன்றாகவே உடைந்தது. அசடு வழியத் திரும்பினால், அறை வாசலில் ஒல்லியாக ஒருவர், கன்னம் பந்துபோல வீங்கி, வாய் நிறையப் பஞ்சோடு நின்று என் மூக்குக்கு நேரே ஒரு சீட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். தெருவில் எங்களைப் பார்த்ததிலிருந்தே பின்னால் வந்துகொண்டிருந்தார். மருந்துக் கடைக்கு வழி கேட்கிறார் என்று நினைத்து நான் இரண்டு தடவை கை காட்டி அனுப்பிவிட்டேன்.

"ஒண்ணாம் நம்பர்," என்றார் டாக்டர். "ரெண்டரைக்கே பல்லை எடுத்தாச்சே. இன்னும் மருந்து வாங்கலையா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு சீட்டை மாமாவிடம் திணித்தார். மாமா படித்தார். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். மேல் பாதியை ஒண்ணாம் நம்பரே எழுதியிருந்தார். நான் உரக்க வாசித்தேன்.

"'டாக்டர், உங்க வீட்டுக்காரம்மாதான் ஜீப்பை எடுத்துட்டுப் போனாங்க. உங்ககிட்டயும் மெக்கானிக்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க.' அதுக்குக் கீழே டாக்டர் எழுத்துல, 'தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்.' கையெழுத்து, முத்திரை."

டாக்டர் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என் கையெழுத்துதான்," என்றார் ஈனசுரத்தில்.

"மருந்துக் கடையில இந்த மருந்து ஸ்டாக் இல்லைன்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க," என்றேன். ஒண்ணாம் நம்பர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

"டோக்கன் கொடுத்து முடிச்சதும் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னுல்ல சொன்னா அவ!" டாக்டர் போனை எடுத்து அடித்தார். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது போன். "என் வண்டியை அவ எதுக்கு எடுக்கணும்?"

"நாளைய ஓட்டத்துக்கான படிவத்தை யார் கொண்டுபோய்க் கொடுத்தது?" என்று கேட்டார் மாமா.

"அவதான்."

"நிரப்பினது?"

"அவதான். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்."

"படிக்காமலேயா?"

டாக்டர் நழுவிய தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அக்கா மெல்லச் சொன்னார். "லோ கியர் சொல்லிக் கொடுத்தப்போ அவங்க பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணையும் எழுதிக்கிட்டாங்க சார். டயர்ல காத்து எவ்வளவு இறக்கணும், எப்போ திருப்பி ஏத்தணும்னு கேள்வி மேல கேள்வி. டாக்டருக்காகக் கேக்கறாங்கன்னு நெனச்சேன்."

"மணி மூணு ஐம்பது. கிளம்புங்க," என்றார் மாமா.

அக்காவின் பழைய வேனில் நாங்கள் நாலு பேர் ஏறினோம். பின்னாலேயே ஒன்பது பேஷன்ட்டுகளும் வந்து நின்றார்கள். பல்லைப் பாதியில் விட்டுவிட்டு எங்கே ஓடுகிறீர்கள் என்று அவர்கள் கண்கள் கேட்டன. சொல்லாமலே டோக்கன் வரிசைப்படி ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பழக்கம் வந்துவிட்டது போலும். ஒன்பதாம் நம்பர் ஏறும்போது முதலில் வேனின் மேற்கூரையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மைதானம் மலையடிவாரத்தில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு நாற்பது. வண்டிகள் வரிசையாக நின்றன, ஆனால் டிரைவர் ஒருவர்கூட அவற்றில் இல்லை. எல்லாரும் மைதானத்தின் கோடியில் கூடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சுவர் மாதிரி ஒரு மண்மேடு. காலையிலிருந்து ஏழு வண்டிகள் முயன்று பாதியில் வழுக்கி வந்துவிட்டனவாம். எட்டாவதாக ஒரு பச்சை ஜீப் ஏறிக்கொண்டிருந்தது.

"நம்ம வண்டி," என்று அக்கா என் கையைப் பிடித்தார். எலும்பு நொறுங்கும் பிடி.

ஆமை வேகம். டயர்கள் மண்ணை ஒவ்வொரு கவளமாகப் பிடித்துப் பிடித்து மேலே போயின. முக்கால் மேட்டில் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு சாண் கீழே நகர்ந்தது. கூட்டம் ஐயோ என்றது. டாக்டர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

"பிரேக் அடிக்காதீங்க... லோ கியர்ல விடுங்க... பட்டை பிடிக்கும், என் பட்டை பிடிக்கும்," என்று அக்கா முணுமுணுத்தார். கண்ணில் தண்ணீர் ஓடுவது அவருக்கே தெரியவில்லை.

பட்டை பிடித்தது. ஒரு பக்கச் சக்கரம் மேலே, மறுபக்கம் கீழே என்று வண்டி உடம்பை முறுக்கி, ஒரு உறுமலோடு உச்சியில் ஏறி நின்றது. நான் கத்திய கத்தலில் மாமா காதைப் பொத்திக்கொண்டார். ஒன்பது பேஷன்ட்டுகளும் கோணல் வாயால் ஹோவென்று கூவினார்கள். தாங்கள் அமுக்கிய வண்டி என்ற உரிமை அவர்களுக்கு.

ஜீப் மேட்டின் மறுபக்கமாக இறங்கி வந்து பதிவு மேஜைக்கு முன்னால் நின்றது. உள்ளேயிருந்து குதித்தார் டாக்டரம்மா. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தார். புருவம் வரை மண். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு!

"வண்டியைக் காணோம்னு நான் போலீசுக்கே போக இருந்தேன்!" என்று பாய்ந்தார் டாக்டர்.

"எதுக்கு? ஒண்ணாம் நம்பர்கிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன்? அவர்தானே முதல்ல உள்ள வருவார்?"

"அவருக்கு மூணு பல்லைப் பிடுங்கி வாய் நிறையப் பஞ்சை அடைச்சு வெச்சிருக்கேன்டி!"

"மூணா? ஒண்ணுன்னுதானே எழுதியிருந்தேன்?"

ஒண்ணாம் நம்பர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டர் பக்கம் மெதுவாகத் திரும்பினார். டாக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

டாக்டரம்மா அதற்குள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றுபோனது. "என்னாச்சு? உங்களையா சந்தேகப்பட்டாங்க? ஐயோ, மன்னிச்சுக்கோங்க. பதிவு முடியறதுக்குள்ள கொத்தனார் உடைச்சு முடிக்க மாட்டார்னு தோணுச்சு. இவரை எழுப்பியிருந்தா ஸ்டியரிங்ல இவர் உக்காந்திருப்பார். வெளியில எடுத்து நிறுத்திட்டு உங்களுக்காகக் காத்திருக்கலாம்னுதான் நெனச்சேன். ஆனா, ஸ்டியரிங்கைப் பிடிச்சேன் பாருங்க, அப்புறம் என்னால இறங்கவே முடியல!"

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி படிவத்தைப் புரட்டினார். ஓட்டுநர் என்ற இடத்தில் டாக்டரம்மாவின் பெயர். கூட வருபவர் என்ற இடத்தில் டாக்டர் பெயர். கீழே டாக்டரின் கையெழுத்து, அழகாக.

மணி ஐந்து அடித்தது. "யாரோ ஒரு டாக்டர் மைக்ல பேசணும்னு போன்ல சொல்லியிருந்தாரே?" என்றார் அதிகாரி.

டாக்டர் மைக்கை வாங்கினார். நாற்பது டிரைவர்களும் திரும்பினார்கள். டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மத்தியானம் ஒருத்தங்களைத் திருடின்னு சொல்லிட்டேன்," என்றார். "தெருவுல நின்னு சொன்னேன், அதனால மன்னிப்பை மைக்ல கேக்கறேன். இப்போ அந்த மேட்டுல ஏறுச்சே, அந்த வண்டியைக் கட்டினது இவங்கதான். தனி ஆளா. மூணு மாசம். ஓட்டினது..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஓட்டினது என் வீட்டுக்காரி. நானா இருந்தா பாதியில உருண்டிருப்பேன். அவ்வளவுதான்."

"பத்தாம் நம்பர்!" என்று கூப்பிட்டது ஒரு குரல்.

டாக்டரம்மா வண்டிக்குள்ளிருந்து டோக்கன் பெட்டியை எடுத்து ஒரு சிவப்பு வில்லையை நீட்டிக்கொண்டிருந்தார். "உங்களைத்தான். மேடு இறங்கும்போது பின்பக்கம் லேசா தூக்குது. நாளைக்கு வெயிட்டுக்கு ஒரு ஆள் வேணும். பின்னாடி ஏறி உக்காருங்க, பெயிண்ட் காஞ்சாச்சு."

டாக்டர் டோக்கனை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, பூட்ஸ் தடதடக்க ஓடிப்போய் ஏறினார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தில் அப்பாடா என்ற நிம்மதிதான் தெரிந்தது.

அதற்குள் அக்காவைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜீப்புக்கு அடியில் படுத்துப் பட்டையைப் பார்ப்பவர்கள் பாதி, போன் நம்பர் கேட்பவர்கள் மீதி. ஒரு கிடா மீசைக்காரர் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மேடம், என் வண்டியையும் இதே மாதிரி உசத்திக் கொடுப்பீங்களா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா கையிலிருந்த டேப்பை உரிமையோடு வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தாராளமா சார். உங்க வீட்டு ஷெட் வாசல் என்ன உயரம்?"

"ஆறடி இருக்கும். ஏன்?"

"வீட்ல மொத்தம் எத்தனை பேர்?"